சூட்டுக்கும் மணிக்கும் ஒரு புரோட்டோகால்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒருவன் பக்கத்தில் இருக்கும் இன்னொருவனோடு பேசுவதற்கு வழி செய்து தருவதுதான் எங்கள் ஆணையத்தின் வேலை. அப்படி யாரும் யாரோடும் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ள அங்கே முந்நூறு பேர் இருக்கிறார்கள்.

தேசிய இயங்குதள ஆணையம் என்று பெயர். கெய்ரோவிலிருந்து கிளம்பும் பாலைவனச் சாலையில், உடம்பு முழுக்கக் கண்ணாடி போர்த்திய கட்டடம். கண்ணாடி வழியாக வெயில் நேராக மேசைமேல் விழும் என்பதால் உள்ளே எல்லோரும் ஜன்னலில் அட்டை ஒட்டியிருப்போம். நாட்டுக்கென்று சொந்தமாக, கம்ப்யூட்டரை ஓட்டும் ஓர் இயங்குதளம் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்கு 'ஹரம்' என்று பெயர் வைத்தார்கள். பிரமிடு என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல முடியாது. உச்சியில் ஒரே ஒரு கல். மொத்தக் கனமும் அடியில் கிடப்பவர்கள் மேல்.

என் பெயர் ரபாப். அப்பாவுக்கு கெய்ரோவை ஒட்டிய இம்பாபாவில் இஸ்திரிக் கடை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். வாசல் வரைக்கும் எனக்கு முன்பே அப்பா போயிருக்கிறார், பேராசிரியர்களின் சட்டைகளைக் கொடுக்க. ஆணையத்தில் வேலை கிடைத்தபோது, இனி மூளைக்கு மரியாதை என்று நம்பினேன். சின்ன வயசு.

ஹரம் முதலில் ஏறப்போவது குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர்களில் என்று முடிவானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை, எட்டுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் பல புராசஸ்கள். தனித்தனி அறையில் உட்கார்ந்திருக்கும் வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் சூட்டைப் பார்ப்பான். இன்னொருவன் மணி அடிப்பான். குழந்தைக்குச் சூடு ஏறினால் முதலாமவன் இரண்டாமவனிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவன் அறைக்குள் மற்றவன் நுழையக் கூடாது. நுழையவிட்டால் ஒருவன் செத்து விழும்போது மற்றவனையும் இழுத்துக்கொண்டு போவான். ஆகவே சுவரில் ஒரு துவாரம். அதன் வழியாக என்ன சொல்லலாம், என்ன பதில் வரும், பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துவாரத்துக்குப் பெயர் இடைமுகம், அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் புரோட்டோகால்.

எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து அம்மா கயிற்றில் கூடையை இறக்குவாள். கீழே மளிகைக்காரர் ரொட்டியை வைத்துக் கயிற்றை ஒருமுறை இழுத்தால், வைத்தாயிற்று. இரண்டுமுறை இழுத்தால், தீர்ந்துவிட்டது. இழுப்பே வராவிட்டால் அந்த ஆள் கடையில் இல்லை. கூடையை மேலே தூக்கிக்கொண்டு வேறு வழி பார்ப்பாள். நான் நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்ததும் இதைத்தான், கொஞ்சம் கிரேக்க எழுத்துகளோடு.

எழுதுவதற்கு முன்னால் அந்த வார்டைப் பார்க்கப் போனேன். பொறுப்பு நர்ஸ் இன்ஸாஃப். அகலமான உடம்பு, அதைவிட அகலமான வாய்.

"நீதான் இஞ்சினியரா? மீசை வச்ச ஆள் வருவான்னு பார்த்தேன். நல்லதாப் போச்சு, கேளு. எட்டுப் பொட்டிக்கும் ஒரு நர்ஸ், அது நான். ஒரு புள்ளைக்கு மூக்குல குழாய் போட்டுக்கிட்டு இருக்கும்போது மத்த ஏழையும் பார்க்க எனக்கு முதுகுல கண்ணு இல்ல. ஏழாம் நாள் விசேஷத்துல புள்ள காதுகிட்ட பித்தளை உரலைத் தட்டுவோமே, அந்த மாதிரி அடிக்கணும் உன் மணி. பாட்டுப் போட்டே, உன்னைக் கொன்னுடுவேன்."

"உரல் மாதிரியே அடிக்கும் அக்கா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

கண்ணாடிக்கு வெளியே தாழ்வாரத்தில், தரையில் கால்களை மடக்கி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கரீமா. மூன்றாம் பெட்டியில் இருந்தது அவளுடைய மகள், ஏழு மாதத்தில் பிறந்தது. இதற்கு முன்னால் இரண்டு போய்விட்டதாம். "பேர் என்ன?" என்று கேட்டேன். "வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பேர் வைக்கிறேன்" என்றாள். குழந்தை என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். நெஞ்சு மட்டும் அவசர அவசரமாக ஏறி இறங்கியது.

திரும்பி வந்து எழுதினேன். நாலே வரி. சூடு மணியிடம் கேட்கும்: இத்தனாம் பெட்டி, இத்தனை சூடு, அடி. மணி பதில் சொல்லும்: அடித்துவிட்டேன். அல்லது: முடியவில்லை. முடியவில்லை என்றாலோ, இரண்டு விநாடிக்குள் எந்தப் பதிலும் வராவிட்டாலோ, சூட்டைப் பார்ப்பவனே பெட்டியைச் சூடாக்கும் அடுப்பை அணைத்துவிடுவான்.

இதை எடுத்துக்கொண்டு ஆணையத் தலைவர் டாக்டர் பஹ்கத்திடம் போனேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"டாக்டர், சூட்டுக்கும் மணிக்கும் நடுவுல ஒரு புரோட்டோகால் வேணும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. எங்கள் நாட்டில் அந்தச் சொல்லுக்கு என் பாடப்புத்தகத்தில் இல்லாத இன்னோர் அர்த்தம் உண்டு. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தோடு மேசை போட்டு உட்கார்ந்து, பச்சை வெல்வெட் கோப்பில் கையெழுத்திட்டு, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும். அதற்கும் புரோட்டோகால் என்றுதான் பெயர். டாக்டர் பஹ்கத்தின் அறைச் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். அவர் தபால்துறையோடு கைகுலுக்குகிறார். கால்நடைத்துறையோடு கைகுலுக்குகிறார். தேனீ வளர்ப்போர் சங்கத்தோடு கைகுலுக்குகிறார், அந்தச் சங்கத் தலைவர் முகத்தில் தேனீ வலையோடு வந்திருக்கிறார். கையெழுத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பவர்கள் அந்த அறைவரை வருவதில்லை.

"சபாஷ் பொண்ணே! நம்ம நாட்டுலயே முதல்முறையா ரெண்டு புராசஸுக்கு நடுவுல புரோட்டோகால். அமைச்சரைக் கூப்பிடுவோம்."

"டாக்டர், இது அந்த புரோட்டோகால் இல்ல. நாலு வரிதான், நானே இப்பவே..."

"நாலு வரியா? இஸ்திரிக்காரர் மகள்னு காட்டிட்டியே. எதையும் மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கிடற." அவரே சிரித்துக்கொண்டார். "லம்ஈயைப் பார். அவர் வழி காட்டுவார்."

உஸ்தாத் லம்ஈ, அதாவது லம்ஈ ஐயா, எங்கள் புரோட்டோகால் பிரிவின் இயக்குநர். வாழ்நாள் முழுக்க அரசு விருந்துகளில் எந்தத் தூதர் எந்த நாற்காலியில் என்று நிர்ணயித்தவர். ஓய்வு பெற்ற வாரம் 'புரோட்டோகால் நிபுணர் தேவை' என்று ஆணையம் செய்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். நேர்காணல் செய்தவர்களுக்கும் அந்தச் சொல்லின் அந்த ஓர் அர்த்தம்தான் தெரியும். அவரைவிடத் தகுதியான ஆள் நாட்டிலேயே இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர்களும் கடைசியில் நாகரிகம் கற்றுக்கொள்ள வந்துவிட்டன என்று அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். கெட்ட மனிதரில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கூட்டம் கூடியது. சுகாதார அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். எங்கள் மொழியில் புராசஸையும் 'அமலிய்யா' என்போம், அறுவைச் சிகிச்சையையும் 'அமலிய்யா' என்போம். நான் பேசி முடித்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"ரெண்டு ஆபரேஷன் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்னு சொல்றீங்க. நல்ல விஷயம். மயக்க மருந்து யார் பொறுப்பு?"

குறித்துக்கொள்ளும்படி டாக்டர் பஹ்கத் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் குறித்துக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பிறகு லம்ஈ என் நாலு வரியைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"ஏம்மா, சூடு பார்க்கறவர் எந்த கிரேடு?"

"கிரேடா? அது ஒரு புராசஸ், உஸ்தாத்."

"புராசஸுக்கு கிரேடு இருக்கக் கூடாதா? உனக்கே ஆறாம் கிரேடு குடுத்திருக்கோம். மணி அடிக்கறவர் எந்தப் பிரிவு?"

"ஒலி."

"ஒலிப் பிரிவோட தலைவர் அமைச்சரோட மச்சினர். அப்போ மணி மூத்தவர். இந்தச் சூடு எடுத்த எடுப்புல மணியைப் பார்த்து 'அடி'ங்குது. துக்துக் ஆட்டோ டிரைவர் பேசற மாதிரி இருக்கு. சலாம் எங்கே? நலம் விசாரிப்பு எங்கே?"

"குழந்தை வெந்துகிட்டு இருக்கும்போது நலம் விசாரிக்கவா, உஸ்தாத்?"

"அப்பத்தான்மா விசாரிக்கணும். சும்மா இருக்கும்போது யார் வேணா விசாரிப்பாங்க."

நான் சொன்ன ஒன்றும் எடுபடவில்லை. சூடு நேராக மணியிடம் பேசுவது ஒழுங்கீனம் என்று தீர்மானமானது. சூடு தன் பிரிவின் தலைமைப் புராசஸிடம் சொல்லும். அது உள்வரவுப் புராசஸிடம் பதியும். முத்திரைப் புராசஸ் முத்திரை இடும். பிறகு ஒலிப் பிரிவின் உள்வரவு, ஒலிப் பிரிவின் தலைமை, கடைசியில் மணி. இந்தப் புராசஸ்கள் அப்போது இல்லை. ஆகவே உருவாக்கினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு தேவைப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இயக்குநர், ஓர் அறை, அறைக்கு ஓர் ஏர்கண்டிஷனர். நான் வேலை பார்த்த கூடத்தில் மின்விசிறி.

செய்தியின் வாசகத்தை லம்ஈ தானே எழுதினார். 'மாண்பும் மேன்மையும் மிக்க மணி அவர்களின் சமூகத்துக்கு, சலாம் கூறி, தங்கள் உடல்நலமும் தங்கள் பிரிவின் நலமும் மேன்மேலும் ஓங்க வேண்டி...' என்று போகும். ஒரு செய்தி இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஹரமில் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் வருவது வெட்டுப்பட்டுவிடும். மரியாதைகள் முடிவதற்குள் வரம்பு முடிந்துவிட்டது. வெட்டுப்பட்டது பெட்டி எண்ணும் சூட்டின் அளவும்.

"சூடு எவ்வளவுன்னு செய்தியிலயே இல்லையே, உஸ்தாத்!"

"கடிதத்தோட உயிர் மரியாதைம்மா. விஷயத்தை அப்புறமா போன்ல சொல்லிக்கலாம்."

மணியின் பதிலுக்கு வந்தோம். நான் இரண்டு பதில் வைத்திருந்தேன்: அடித்துவிட்டேன், முடியவில்லை. இரண்டையும், இரண்டு விநாடிக் கெடுவோடு சேர்த்து, நீக்கிவிட்டு ஒரே ஒரு சொல்லை எழுதினார்கள்: ஹாதிர்.

இதோ ஆஜர், உத்தரவு, அப்படியே ஆகட்டும் எல்லாம் அதற்குள் அடக்கம். காபிக்கடைப் பையன் சொல்வான், வாடகை கேட்டால் குடித்தனக்காரர் சொல்வார், ரோட்டைச் சரிசெய்யச் சொன்னால் நகராட்சி சொல்லும். சொன்ன பிறகு யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஹாதிர் எங்கள் ஊரில் பதிலே அல்ல; இருமல் மாதிரி. வாயிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

கையெழுத்து விழா, நபிகள் பிறந்தநாளான மவ்லித் பண்டிகை வாரத்தில் நடந்தது. மேடையில் இரண்டு நாற்காலி, இரண்டு கொடி, இரண்டு வெல்வெட் கோப்பு. சூட்டின் சார்பில் வெப்பப் பிரிவு இயக்குநர், மணியின் சார்பில் அமைச்சரின் மச்சினர். செயல்முறை விளக்கத்துக்கு ஓர் உண்மையான இன்குபேட்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் பொம்மையை வைக்கலாம் என்றேன். படத்துக்கு அழகாக இருக்காது என்று லம்ஈ மறுத்துவிட்டு, கடையில் பண்டிகைக்கு விற்கும் சர்க்கரைப் பொம்மையை வாங்கி வைத்தார். ரோஜா நிறம், காகித விசிறி, இடுப்பில் கை.

டாக்டர் பஹ்கத் பேசினார்.

"வெப்பமும் ஒலியும் என்ற இரு சகோதரப் பிரிவுகளுக்கு இடையே நிலவிய நீண்டகால மௌனம் இன்றோடு முடிவுக்கு வருகிறது. மேலைநாட்டு இயங்குதளங்களில் ஒரு புராசஸ் இன்னொன்றைக் குறுக்கிட்டுக் கூச்சலிடுகிறது. நம் ஹரமில் எந்தப் புராசஸும் எந்தப் புராசஸையும் தொந்தரவு செய்யாது. தொந்தரவற்ற தொடர்பே நம் பண்பாடு!"

கைதட்டல். அடுப்பைப் போட்டார்கள். சூடு ஏறியது. பெரிய திரையில் செய்தி ஒவ்வொரு பிரிவாகக் கடந்து போவதைப் பச்சை விளக்குகள் காட்டின. ஒவ்வொரு விளக்குக்கும் அந்தந்த இயக்குநர் எழுந்து நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்தார். கடைசியில் தங்க எழுத்தில் மின்னியது: ஹாதிர். கூடமே எழுந்து நின்று தட்டியது.

மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அதற்குப் போய்ச் சேர்ந்தது வெறும் வாழ்த்து.

கண்ணாடிக்குள் பொம்மையின் மூக்கு முதலில் இறங்கியது. பிறகு இடுப்பிலிருந்த கை. விசிறி சாய்ந்தது. தேசிய கீதம் முடிவதற்குள் உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு குட்டை மட்டும் இருந்தது, அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண்கள்.

"மணி அடிக்கலையே!" என்று கத்தினேன்.

டாக்டர் பஹ்கத் புன்னகை மாறாமல் என் பக்கம் குனிந்தார். "அடிக்கறது நடைமுறைப்படுத்தல். இன்னைக்கு நடந்தது கையெழுத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே. நடைமுறைப்படுத்தலுக்கு வேற கமிட்டி."

லம்ஈ பச்சைத் துணி ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் மரியாதையாகப் போர்த்தினார். அந்த வாரமே ஹரம் எட்டுப் பெட்டிகளிலும் ஏறியது.

அடுத்த புதன் மத்தியானம் இன்ஸாஃப் போன் செய்தாள். சலாம் சொல்லவில்லை.

"உன் மணி நாசமாப் போக. மூணாம் பொட்டில கையை விட்டேன், கை சுட்டுச்சு. புள்ள செக்கச் செவேல்னு கிடக்கு, அழக்கூடத் தெம்பில்ல. நான் தற்செயலா டயபர் மாத்தப் போனேன், கேக்குதா? தற்செயலா! மணி எங்கே?"

"குழந்தை..."

"இருக்கு. டாக்டர் பார்த்துட்டார், இறங்கிடுச்சு. நாளைக்கும் நான் தற்செயலாப் போவேனா?"

பெட்டியில் பதிவாகியிருந்த பேச்சுகளை எடுத்துப் பார்த்தேன். சூடு கத்தியிருந்தது. விடாமல் கத்தியிருந்தது. ஒவ்வொரு முறையும் முழு மரியாதைகளோடு. ஒவ்வொரு முறைக்கும் மணி சொல்லியிருந்தது: ஹாதிர். ஹாதிர். ஹாதிர்.

டாக்டர் பஹ்கத்தின் அறைக்குக் கதவைத் தட்டாமல் போனேன். லம்ஈயும் இருந்தார், காபி குடித்துக்கொண்டு.

"மணி 'முடியலை'ன்னு சொல்ல ஒரு பதில் வேணும் டாக்டர். பதிலே வரலைன்னா ரெண்டு விநாடில அடுப்பு தானா அணையணும். இன்னைக்கே."

"ரெண்டு விநாடியா?" லம்ஈ பதறிவிட்டார். "வீட்டுக்கு வர்ற விருந்தாளியையே மூணு நாள் எதுவும் கேக்க மாட்டோம். ஒரு பிரிவுத் தலைவர் தரத்துல இருக்கறவர்கிட்ட ரெண்டு விநாடிக் கெடுவா? உலகம் என்ன சொல்லும்?"

டாக்டர் பஹ்கத் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பொண்ணே, என்னோட முப்பது வருஷ சர்வீஸ்ல மேல இருக்கறவங்க யாருக்கும் நான் 'இல்லை' சொன்னதில்ல. கீழ இருக்கறவங்க யாரையும் சொல்ல விட்டதுமில்ல. அதனாலதான் இந்த நாற்காலில இருக்கேன். நேத்து வாங்கின ஒரு மணி 'முடியலை'ன்னு சொல்லுமா? இன்னைக்கு மணி சொல்லும். நாளைக்கு முத்திரை சொல்லும். அப்புறம் ஆளுங்க சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க."

"அந்தக் குழந்தை செத்திருக்கும்."

"சாகலையே. அதை அறிக்கைல சேர்த்திருக்கோம்."

"எங்கே?"

"சாதனைகள் பகுதியில்."

என் கை தானாக மேசைமேல் இருந்த காபிக் கோப்பையை எடுத்தது. அப்பா முகம் நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன். அதை வைத்ததற்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம். என் கோரிக்கையை ஆராய 'மௌனம் குறித்த துணைக்குழு' அமைத்தார்கள். தலைவர் லம்ஈ. முதல் கூட்டம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. பெருநாள் வர இன்னும் பல மாதம் இருந்தது.

அதற்குள் ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை எத்தனை தடவை வேகலாம் என்று குழு ஆராயாது. ஆகவே மறுநாள் காலை என் மடிக்கணினியோடு வார்டுக்குப் போனேன். இன்ஸாஃப் செருப்புக்கு உறை கொடுத்தாள், கையைக் கழுவச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"உங்க பெரியவங்க அனுமதி குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்போ இது வேலை செய்யும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வாழ்த்துகளை அழித்தேன். முத்திரையை அழித்தேன். உள்வரவு, தலைமை, எல்லாப் பிரிவுகளையும் இயக்குநர்களோடும் ஏர்கண்டிஷனர்களோடும் அழித்தேன். சூட்டுக்கும் மணிக்கும் நடுவில் பழைய துவாரத்தைத் திறந்து என் நாலு வரியை வைத்தேன். இன்ஸாஃப் காலிப் பெட்டி ஒன்றில் வெந்நீர்ப் பையை வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் மணி அடித்தது. வார்டே அதிர்ந்தது. தாழ்வாரத்தில் கரீமா துள்ளி எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள்.

"அட, அடிச்சுத் தொலையுது பாரு!" இன்ஸாஃப் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உரல்தான்! உரலேதான்!"

அதன் பிறகுதான் விஷயம் தெரிந்தது. மணி நாள் முழுக்க அடித்தது. இரண்டாம் பெட்டியில் விசிறி சிக்கியிருந்தது. ஆறாம் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை. மூன்றாம் பெட்டியில் சூடு அளக்கும் ஒட்டு குழந்தையின் தோலிலிருந்து கழன்றுகொண்டே இருந்தது. ஓரிடத்தில் மணியே 'முடியவில்லை' என்று என் திரையில் சொன்னது. போய்ப் பார்த்தால் கம்பி அறுந்திருந்தது. நாங்கள் இருவரும் பெட்டி பெட்டியாக ஓடினோம்.

"இத்தனையும் இதுவரைக்கும் நடந்துக்கிட்டா இருந்துச்சு?" என்று இன்ஸாஃப் கேட்டாள். இப்போது சிரிக்கவில்லை.

ஆணையத்தின் வரவேற்பறையில், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, பெட்டிகளின் பதில்களைக் காட்டும் ஒரு திரை வைத்திருந்தார்கள். தொடங்கிய நாள் முதல் நூற்றுக்கு நூறு ஹாதிர், முழுப் பச்சை. அன்று மத்தியானம் அது சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு தூதுக்குழு கீழே ஷர்பத் குடித்துக்கொண்டிருந்ததாம்.

டாக்டர் பஹ்கத் நேரிலேயே வந்தார். கூடவே லம்ஈ, பழையதைத் திரும்ப ஏற்ற ஒரு டெக்னீஷியன், அறிக்கைக்குப் படம் எடுக்க ஒரு போட்டோகிராஃபர். செருப்புக்கு உறை போடச் சொன்னதற்கு, தான் யார் தெரியுமா என்று கேட்டார். இன்ஸாஃப் தெரியாது என்றாள். உறை போட்டுக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்லாத அமைப்பு!" என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "இத்தனை நாள்ல ஒரே ஒரு கோளாறு பதிவாகல. நீ கை வச்ச ஒரே நாள்ல இவ்வளவு கோளாறு. கெடுத்தது யாருன்னு கணக்கு சொல்லுதா இல்லையா?"

"கோளாறு முன்னாடியே இருந்துச்சு டாக்டர். இப்போ காதுல விழுது."

"காதுல விழாத கோளாறு எப்படிக் கோளாறாகும்?" உண்மையாகவே கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார்கூட. பிறகு டெக்னீஷியனைப் பார்த்தார். "பழையதைப் போடு."

டெக்னீஷியன் மூன்றாம் பெட்டியில் கம்பியைச் செருகினான். அந்தப் பெட்டியின் மணி அடித்தது.

"நிறுத்து, நான் பேசிட்டிருக்கேன்" என்றார் டாக்டர் பஹ்கத், மணியைப் பார்த்து.

இன்ஸாஃப் அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் பாய்ந்தாள். அவர் போட்டோகிராஃபர்மேல் போய் மோதினார். அவள் பெட்டியின் கதவைத் திறந்து அந்தச் சிவந்த உடம்பைக் கையில் ஏந்தினாள். விசிறி நின்றுபோயிருந்தது. கம்பி செருகிய குழப்பத்தில் மணியின் பதில் சூட்டுக்கு வந்து சேராததால், அடுப்பு ஏற்கெனவே அணைந்திருந்தது. சொன்னபடி, இரண்டு விநாடியில். கண்ணாடிக்கு வெளியே கரீமா இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அழுதது. பூனைக்குட்டி மாதிரி, ஆனால் அழுதது. டெக்னீஷியன் கம்பியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

லம்ஈயின் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "யார் அனுமதில அடிச்சது?" என்று கேட்டார்.

டாக்டர் பஹ்கத் கோட்டைச் சரிசெய்துகொண்டார். தயாராகக் கொண்டுவந்திருந்த தாளை எடுத்து நர்ஸ் முன்னால் நீட்டினார்.

"அங்கீகாரம் இல்லாத மாற்றத்தால மணி தவறுதலா அடிச்சதுன்னு இருக்கு. வார்டுப் பொறுப்பாளர் கையெழுத்து வேணும். பேனா இந்தா."

"கை காலியா இல்ல பாஷா" என்றாள் இன்ஸாஃப். "கையில புள்ள இருக்கு."

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். "அப்போ நீ போடு. இதோட முடிஞ்சுடும். உன் வேலை இருக்கும், உங்கப்பாவுக்கும் கௌரவம்."

"இல்லை" என்றேன்.

டாக்டர் பஹ்கத் பேனாவை நீட்டியபடியே நின்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு 'ஆனால்', ஒரு 'மன்னிச்சுக்கோங்க', ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்குள் அதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

ஐந்தாம் பெட்டியின் மணி அடித்தது. இன்ஸாஃபின் கையில் குழந்தை இருந்ததால் நான் ஓடினேன்.